‘அவளுக்குத் தெரியும்’ என்று எழுதினேன்

அமெரிக்காவில், மில்பிடாஸில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மெண்டில் துணி துவைக்கும் அறை எல்லா வீட்டுக்கும் பொது. அங்கேதான் அவளை முதலில் பார்த்தேன். ட்ரையரிலிருந்து துணி எடுக்கக் குனிந்தாள். பின்னல் தோளிலிருந்து முன்பக்கம் சரிந்து கூடைக்குள் விழுந்தது. துணியோடு துணியாக அதையும் சேர்த்து மடித்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து நின்றபோது பின்னல் முழங்காலைத் தொட்டது. நான் வாய் பார்த்து நிற்பதைக் கண்டு சிரித்தாள்.

“ஒரிஜினல்தானுங்க. வேணும்னா இழுத்துப் பாருங்க.”

கரூர்ப் பக்கத்துப் பெண். கணவனுக்குச் சான் ஹோசேயில் சாஃப்ட்வேர் வேலை. ஒரு மகள், முதல் வகுப்பு. டிபெண்டண்ட் விசா என்பதால் இவளுக்கு வேலைக்குப் போக அனுமதி கிடையாது. என்னைவிட ஏழு வயது இளையவள். இரண்டாவது முறை பார்த்தபோது நான் அவளுக்கு அக்கா ஆகிவிட்டேன்.

நான் சென்னையில் ஒரு டிவி சானலில் ஒன்பது வருடம் எடிட்டராக இருந்தவள். கல்யாணமாகி இங்கே வந்து ஆறு வருடம் அவளைப் போலவே விசாவில் கட்டுண்டு கிடந்தேன். பிறகு வேலை அனுமதி வந்தது, வேலைதான் வரவில்லை. விண்ணப்பம் போட்டுப் போட்டுச் சலித்துப்போய் யூடியூபில் ஒரு சானல் ஆரம்பித்தேன். தலைக்கு எண்ணெய் காய்ச்சுவது, சீயக்காய் அரைப்பது, பின்னல் வகைகள். என் முடியே தோளைத் தாண்டாது. அதைக் காட்டி யாருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது? சொந்தக்காரர்கள் பார்த்தார்கள், அவர்களும் கடமைக்கு.

“நீ வந்து உக்காரு. நான் ஷூட் பண்றேன்” என்றேன் அவளிடம்.

“என் மூஞ்சிய யாருக்கா பாப்பாங்க?”

“மூஞ்சி வேணாம்மா. முடி போதும்.”

விளையாட்டாகச் சொன்னது. இப்போது அந்த வாக்கியத்தை நினைத்தால் நாக்கு கசக்கிறது.

மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தாள். அவள் வீட்டுப் பால்கனிக் கதவு வழியாகக் காலை வெளிச்சம் நன்றாக விழும். கொண்டையை அவிழ்த்தாள், எண்ணெய் தேய்த்தாள், சிக்கெடுத்தாள், பின்னினாள். செம்பருத்தி இலையைப் பற்றியும், முடி கொட்டுகிறதே என்று கவலைப்பட்டால் இன்னும் கொட்டும் என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டே செய்தாள். எட்டு நிமிட வீடியோ. மூன்றாம் நாள் பார்வை எண்ணிக்கையில் ஏதோ தவறாகத் தெரிகிறது என்று பக்கத்தை மூடித் திறந்தேன். தவறில்லை.

அவளிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“இத்தன பேரா? இவரு பாத்ரூம் அடைச்சுக்குது, வெட்டித் தொலைன்னு தினமும் சொல்றாருங்க்கா. இருக்கட்டும், காட்டறேன்.”

அந்த முகத்தை மறப்பது கடினம். இந்த ஊருக்கு வந்து நான்கு வருடத்தில் தன்னிடம் இருக்கும் ஒன்றை யாரோ பாராட்டியது அவளுக்கு அதுதான் முதல் தடவை. நான் கொஞ்சம் பணம் கொடுக்கப் போனபோது, “விசாப் பிரச்ன ஆயிரும்க்கா, வேண்டாம். உங்களுக்கு ஹெல்ப்பா இருக்கட்டும்” என்றாள். நான் வற்புறுத்தவில்லை.

எடிட்டருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பார்ப்பவர் எங்கே நிற்கிறார், எங்கே தாண்டிப் போகிறார் என்று கவனிப்பது. யூடியூபில் அதற்கு ஒரு வரைபடமே இருக்கிறது. இரண்டாவது வீடியோ, மூன்றாவது வீடியோ என்று அந்தக் கோட்டைப் பார்த்தேன். எண்ணெய் காய்ச்சும் இடத்தில் கோடு தரையில் கிடந்தது. கொண்டை அவிழ்ந்து முதுகில் விழும் பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் மட்டும் செங்குத்தாக எழுந்து நின்றது. அதே விநாடிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருந்தார்கள். கமெண்டுகளிலும் அதே கதை. பேச வேண்டாம், பின்னாலிருந்து எடுங்கள், கொண்டையை மெதுவாக அவிழ்க்கச் சொல்லுங்கள். ஒருவன்கூட எண்ணெய்க்குச் செய்முறை கேட்கவில்லை.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. பிற்பாடு பலரிடமும், என்னிடமேகூட, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது என்று சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. மூன்றாவது வீடியோவின் அந்தக் கோட்டைப் பார்த்த அன்றைக்கே தெரியும்.

தேடினேன். எங்கள் வீடியோக்கள் வேறொரு தளத்தில் ஏற்கெனவே போய் உட்கார்ந்திருந்தன. அந்தத் தளம் முழுக்கக் கூந்தல்தான். சீவுவது, கழுவுவது, வெட்டுவது, மழிப்பது என்று தனித்தனி வரிசை. யாரும் உடை களையவில்லை. ஆனால் கீழே எழுதியிருந்தவற்றைப் படித்தால் அது எதற்கான இடம் என்பதில் சந்தேகம் இருக்காது. சிலருக்குச் செருப்பில், சிலருக்குக் கையுறையில், சிலருக்குக் கூந்தலில் போய் ஆசை ஒட்டிக்கொள்கிறது. ஃபெட்டிஷ் என்கிறார்கள். தமிழில் அதற்கு ஒரு சொல் தேடிப் பார்த்தேன். எனக்குக் கிடைத்ததெல்லாம் வசவாக இருந்தது.

என் கணவரிடம் சொன்னேன். லேப்டாப்பிலிருந்து கண் எடுக்காமல் கேட்டார்.

“டிரெஸ்ஸ கழட்டச் சொல்றாங்களா?”

“இல்ல.”

“அவங்க ஃபேஸ் தெரியுதா?”

“பாதி வீடியோல தெரியுது.”

“முடிதானே? அட்வர்டைஸ்மென்ட்ல காட்டாத முடியா? பாக்கறவன் என்ன நெனச்சுப் பாக்கறான்னு நாம எப்படி கண்ட்ரோல் பண்ண முடியும்?”

எனக்கு வேண்டிய பதில் அதுதான் என்பதால் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் ஒருவரிடமிருந்து ஈமெயில் வந்தது. அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஏதோ ஒரு ஊர். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் என்று எழுதியிருந்தார். அவருக்காகத் தனியாக ஒரு வீடியோ வேண்டும், கொண்டை அவிழ்வது மட்டும், பேச்சில்லாமல், ஆறு நிமிடம், அதற்குக் கட்டணம் தருகிறேன் என்றார். அதற்கடுத்த பத்தியை இன்றும் வரி மாறாமல் சொல்ல முடியும். ‘மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு இது ஃபெட்டிஷ். வீடியோவில் இருக்கும் பெண்மணிக்கு இது எதற்கு என்று தெரியுமா? தெரியாது என்றால் எனக்கு வேண்டாம். நான் வழக்கமாக வாங்கும் ஒரு பெண், ஒவ்வொரு வீடியோவின் தொடக்கத்திலும் கேமராவைப் பார்த்து, இது யாருக்காக, எதற்காக என்று எனக்குத் தெரியும், என் சம்மதத்தோடு செய்கிறேன், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்துவேன் என்று தானே சொல்வார். அப்படி ஒன்று இருந்தால் எனக்கு நிம்மதி.’

படித்ததும் முதலில் கோபம் வந்தது. இந்த ஆள் யார் எனக்குப் பாடம் சொல்ல? அப்புறம் பயம் வந்தது. அவளிடம் போய் எப்படிக் கேட்பது? அவள் முகம் சுளித்து எழுந்து போய்விட்டால்? அவள் போனால் சானல் போயிற்று. ஆறு வருடம் சும்மா கிடந்த பிறகு கிடைத்த ஒரே வேலை போயிற்று. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்பதற்காகவே நான் கேட்கவில்லை. இதைவிட நல்ல காரணம் ஏதும் என்னிடம் இல்லை.

இரண்டு வரியில் பதில் எழுதினேன். ‘ஆம், அவளுக்குத் தெரியும். முழுச் சம்மதம்.’

அவர் விடவில்லை. எழுத்தில் ஏதாவது ஒப்புதல் வைத்துக்கொள்வது இரண்டு பேருக்குமே நல்லது என்று மறுபடி எழுதினார். இணையத்தில் ஒரு படிவத்தை எடுத்தேன். அதில் வீடியோவின் நோக்கம் என்று ஒரு கட்டம் இருந்தது. ‘கூந்தல் பராமரிப்பு மற்றும் அது தொடர்பானவை’ என்று இங்கிலீஷில் நிரப்பினேன். ‘தொடர்பானவை’ என்ற சொல்லைத் தட்டிவிட்டு விரலை எடுத்தது நன்றாக நினைவிருக்கிறது. சாமர்த்தியம் என்று அப்போது தோன்றியது.

அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

“என்னத்துக்குக்கா கையெழுத்து?”

“சும்மா ஃபார்மாலிட்டிமா. யூடியூப்ல கேப்பாங்க.”

“எங்க போடணும்?”

காட்டினேன். போட்டாள். தோசையைத் திருப்பப் போய்விட்டாள்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் சுலபமாக நடந்தது. கொண்டை, சீவுதல், ஈரக் கூந்தல், இரட்டைப் பின்னல். பணம் கட்டுகிறவர்கள் மட்டும் பார்க்கும் ஒரு பக்கத்தைத் தனியாகத் திறந்தேன். அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. “இன்னிக்குப் பேச வேணாம்மா, மியூசிக் போட்டுக்கறேன்” என்பேன். “சரிங்க்கா” என்பாள். நடுவில் ஒரு நாள், சீப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஏனுங்க்கா, எல்லாம் ஆம்பளைங்க கமெண்டாவே இருக்குது?”

“பொண்டாட்டிக்கு எண்ணெ, சீயக்கா வாங்கித் தர பாக்கறாங்க போல” என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். கேட்கிற வாய்ப்பை அவளே என் கையில் கொடுத்தாள். நான் அதை ஜோக்காக்கித் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த வருடம் அவள் அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் இதய ஆபரேஷன் நடந்தது. போனால் திரும்பி வர விசா முத்திரை கிடைக்காதோ என்று பயந்து அவளால் ஊருக்குப் போக முடியவில்லை. பத்து நாள் போனும் கையுமாகக் கிடந்தாள். அவர் பிழைத்து வீட்டுக்கு வந்த அன்று என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“அப்பா நடந்துட்டாருங்க்கா. பழனிக்கு மொட்டை வேண்டியிருந்தேன். இனிக் குடுத்தறணும்.”

எனக்குச் சட்டென்று ஒரு எண்ணம் ஓடியது. அவ்வளவு முடியும் போகப்போகிறதே என்று அல்ல. அந்தத் தளத்தில் எந்த வரிசையைத் தேடி எல்லோரும் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நீண்ட கூந்தல் மழிக்கப்படுவதுதான் அங்கே எல்லாவற்றுக்கும் மேல். அந்த எண்ணம் வந்த வேகத்தைப் பற்றித்தான் நான் அதிகம் வெட்கப்படுகிறேன். அவள் கண்ணில் நீர் நிற்கிறது, அப்பா பிழைத்த சந்தோஷம். என் மனம் கேமராவை எங்கே வைப்பது என்று யோசிக்கிறது.

ஊருக்குப் போன் போட்டுக் கேட்டதில், அங்கேயே எடுத்து முடியைப் பத்திரமாக வைத்துக்கொள், வரும்போது பழனியில் செலுத்திக்கொள்ளலாம் என்று அவள் அம்மா சொல்லிவிட்டார். ஒரு சனிக்கிழமை காலை வீட்டில் மொட்டை, பிறகு லிவர்மோர் கோவில் என்று முடிவாயிற்று.

“நீங்க வீடியோ எடுத்துக் குடுங்க்கா. அப்பாவுக்கு அனுப்போணும். பாத்தாருன்னா சந்தோஷப்படுவாரு.”

அதற்கு ஒரு போன் போதும். நான் இரண்டு கேமரா, ஒரு ஸ்டாண்ட், ஒரு விளக்கு எடுத்துக்கொண்டு போனேன். மகள் தமிழ் வகுப்புக்குப் போயிருந்தாள். அவள் குளித்துவிட்டு மஞ்சள் புடவையில் பலகை மேல் உட்கார்ந்தாள். அவள் கணவர்தான் முடி எடுத்தார். வெட்டு வெட்டு என்று தினமும் சொன்ன மனிதர், பின்னலில் வைத்த கத்தரியை எடுத்துவிட்டு, “நெஜமாவாம்மா?” என்று கேட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். முதலில் கத்தரி, அப்புறம் டிரிம்மர், கடைசியில் ரேஸர். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை “முருகா, முருகா” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அழுகிறாளா என்று பார்க்க நான் கேமராவை விட்டு விலகவில்லை. இரண்டாவது கேமராவைத் தாழ்த்தி முடி விழும் இடத்துக்குத் திருப்பினேன். யாரும் சொல்லிக்கொடுக்காமலே கை அதைச் செய்தது.

தலையில் சந்தனத்தோடு அவள் முன் சீட்டில் உட்கார, நானும் அவர்களோடு லிவர்மோர் போனேன். வழி நெடுக மலையெல்லாம் காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. கண்ணாடியை இறக்கி, “காத்து நேரா மண்டைல படுதுங்க்கா, என்ன சொகமா இருக்குது!” என்று குழந்தை மாதிரி சொன்னாள். கோவிலில் அவள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டாள். கேன்டீனில் புளியோதரை வாங்கி என் தட்டில் தன் பங்கிலிருந்து இன்னும் கொஞ்சம் வைத்தாள். நான் சாப்பிட்டேன்.

அந்த வாரம் இரண்டு வீடியோ வெட்டினேன். ஒன்று அவள் அப்பாவுக்கு. முழு ஒலியோடு, கணவர் கேட்டதும் அவள் முருகா என்றதும் எல்லாமும் இருந்தது. அப்பா பார்த்துவிட்டு அழுதாராம். இன்னொன்று கட்டணப் பக்கத்துக்கு. அதில் ஒலியை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்றால், அந்த ‘முருகா’ பார்ப்பவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று. டைம்லைனில் ஒலிக்கோட்டைத் தேர்ந்து அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். எத்தனையோ ஆயிரம் தடவை அழுத்திய பொத்தான்.

போட்டு நான்காம் நாள் மதியம், சாப்பிட உட்கார்ந்தபோது அந்தக் கணக்கு வாத்தியாரின் ஈமெயில் வந்தது. ‘இதை நான் முழுதாகப் பார்க்கவில்லை. அவர் உதடு அசைந்துகொண்டே இருக்கிறது, சத்தம் இல்லை. கண்ணில் நீர். அவர் பிரார்த்தனை செய்கிறார் என்று நினைக்கிறேன். இந்த வீடியோ இங்கே வருவது அவருக்குத் தெரியுமா? முன்பு கேட்டபோது தெரியும் என்றீர்கள். இப்போது எனக்கு நிச்சயமில்லை.’

சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். எவரைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருக்கும் என்று நான் அவளுக்காக முடிவு செய்தேனோ, அந்த மனிதருக்கு அவள் உதடு அசைவது தெரிந்திருக்கிறது. ஒலியைக் கேட்டு, பக்கத்தில் நின்று, அவள் கொடுத்த புளியோதரையும் சாப்பிட்ட எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது, தள்ளிவிட்டேன்.

வீடியோவை உடனே நீக்கினேன். அவளிடம் சொல்ல மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளில், நீக்கிவிட்டோமே, இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் யோசித்தேன். ஆனால் அதற்குள் நகல்கள் வெளியே போய்விட்டன. ஊரில் யாராவது பார்த்து அவளுக்கு அனுப்பும் முன் நானே சொல்வது மேல் என்று கணக்குப் போட்டேன். ஆகவே அந்த ஒப்புக்கொள்ளலும் சுத்தமானதில்லை.

காலையில் மகளைப் பள்ளியில் விட்டபின் பக்கத்துப் பூங்காவுக்கு வரச் சொன்னேன். தொப்பி போட்டு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தளம், அந்தச் சொல், கட்டணப் பக்கம், படிவம், ஈமெயில், மொட்டை. முடித்ததும் அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். முளைத்திருந்த முடியை உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள்.

“பாக்கறவங்க என்ன பண்ணுவாங்க?”

“தெரியாதுமா.”

“தெரியும்ல?”

“தெரியும்.”

“உங்களுக்கு எப்ப இருந்து தெரியும்?”

கொஞ்ச நாளாக என்று சொல்ல வாயெடுத்தேன். “மூணாவது வீடியோல இருந்து” என்றேன்.

“மொத்தம் எத்தனை எடுத்தோம்?”

“பதினாலு.”

அவள் பூங்காவின் மறுபக்கம் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு கிழவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழ ஆரம்பித்தேன். என் கையைப் பிடிக்க அவள் வரவில்லை, தள்ளியும் உட்காரவில்லை.

“நீங்க அன்னிக்கே கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியலீங்க்கா. ச்சீன்னு எந்திரிச்சுப் போயிருப்பேனோ, சிரிச்சிருப்பேனோ. மூஞ்சி தெரியாம எடுங்க, அவருகிட்டச் சொல்லாதீங்கன்னுகூடச் சொல்லியிருப்பேன், யாரு கண்டா? இனிமே அது எனக்குத் தெரியவே போறதில்ல. நீங்களே எனக்குப் பதிலா சொல்லிட்டீங்க.”

“தப்புதான்மா.”

“அந்தப் பதிமூணு வேற. மொட்டை வேறங்க்கா. அது நான் குடுத்தது. குடுத்தத எடுத்துட்டுப் போயி வித்திருக்கீங்க.”

எழுந்தாள். இரண்டடி போய்த் திரும்பினாள்.

“அந்த ஆளு வேண்டாம்னு சொன்னானா? எனக்குத் தெரியாட்டி வேண்டாம்னு?”

“ஆமா.”

“அவனுக்குத் தோணியிருக்குது பாருங்க” என்றாள். போய்விட்டாள்.

கணவரிடம் அவளே சொல்லிவிட்டாள். அன்று மாலை அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. அதுவரை என்னை அக்கா என்று அழைத்தவர். அன்று எந்த முறையும் சொல்லாமல் பேசினார். “லிங்க் எல்லாம் வேணும். எதையும் விடாம லிஸ்ட் போட்டுக் குடுங்க.” சத்தம் போடவில்லை. என் கணவர் பின்னாலிருந்து ஏதோ சமாதானம் சொல்ல வந்தார். வாசலில் நின்றவர் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

சானலையும் கட்டணப் பக்கத்தையும் மூடினேன். நகல் இருந்த தளங்களுக்கு அவர்கள் புகார் எழுதினார்கள். வீடியோவின் உரிமையாளர் மட்டுமே புகார் தரலாம் என்று பதில் வந்தது. படிவத்தின்படி உரிமையாளர் நான்தான். அவள் போன் செய்தாள். “என் முடிக்கு நீங்க ஓனருன்னு போட்டிருக்குதுங்க்கா” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால் ஒவ்வொரு புகாராக நான் எழுதினேன். சில நகல்கள் போயின. சில போய்விட்டு வேறு பெயரில் திரும்பி வந்தன. பிறகு ஒரு வக்கீல் மூலம் பதினான்கின் உரிமையையும் அவள் பெயருக்கே மாற்றிக்கொடுத்தேன். அதன்பின் அவளே எழுதிக்கொள்கிறாள், என்னைக் கேட்பதில்லை.

கணக்கு வாத்தியாருக்கு உண்மையை எழுதினேன். என்னிடம் வாங்கியவை எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகவும், அவளிடம் தன் வருத்தத்தைச் சொல்லும்படியும் பதில் வந்தது. அவர் எழுதியதை அனுப்பவா என்று அவளுக்கு மெசேஜ் போட்டேன். வேண்டாம் என்று ஒரே சொல். முதல் தடவையாக அவளைக் கேட்டு, அவள் சொன்னபடி செய்தேன்.

அடுத்த கோடையில் அவள் கணவருக்கு வேறு மாநிலத்துக்கு, ரிச்சர்ட்சனுக்கு, வேலை மாறியது. லாரியில் சாமான் ஏறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இறங்கிப் போகவில்லை. போயிருக்க வேண்டுமா என்று இன்றும் தெரியவில்லை. என் கணவர், “நீ ஓவரா திங்க் பண்ற, அவங்க மூவ் ஆன் ஆயிட்டாங்க” என்று இப்போதும் சொல்வார். மில்பிடாஸ் கடைகளில் தெரிந்தவர்கள் யாராவது என் சானல் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். டைம் இல்லை என்பேன். இப்போது கல்யாண வீடியோக்கள் எடிட் செய்து கொடுக்கிறேன். யாராவது ஒரு பெண் கேமரா இருப்பதை மறந்து தலையைக் கோதும் காட்சி வந்தால் வெட்டிவிடுகிறேன். அது எனக்கு ஒரு நோய் மாதிரி ஆகிவிட்டது. ஒரு மணப்பெண்ணின் அம்மா, “நல்லா இருந்த ஷாட்டெல்லாம் எங்க போச்சு?” என்று சண்டைக்கு வந்தார்.

இதை எழுத வேண்டும் என்று தோன்றியபோது அவளுக்கு மெசேஜ் அனுப்பினேன். என்ன எழுதப்போகிறேன், எங்கே வரும், யார் படிப்பார்கள், வேண்டாம் என்றால் எழுதமாட்டேன் என்று எல்லாவற்றையும் போட்டேன். பத்து நாள் பதிலில்லை. வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டேன். பதினோராம் நாள் போன் வந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

“எழுதுங்க. யாரு பேரும் வேண்டாம். எழுதிட்டு எனக்கு அனுப்போணும்.”

அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டாள். வரிக்கு வரி படித்திருந்தாள். இரண்டு பத்தியை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். அவை எதைப் பற்றி என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

“அப்புறம் ஒண்ணு தப்பா எழுதியிருக்கீங்க. பார்க்ல நான் அழுதேன்னு போட்டிருக்கீங்க.”

“நீ அழுதியேமா.”

“இல்லீங்க்கா. நான் அழுகல. நீங்கதான் அழுதீங்க.”

யோசித்துப் பார்த்தேன். என் நினைவில் அவள்தான் அழுதாள், நான் தேற்றினேன். எந்த வயதில் இந்த வெட்டு ஒட்டு வேலை நமக்குள்ளேயே நடக்க ஆரம்பிக்கிறதோ! அவள் சொன்னபடி மாற்றினேன். அவள் முடி இப்போது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. கேட்கவில்லை.

“அப்பா எப்படிம்மா இருக்கார்?”

“நல்லா இருக்காரு. டெய்லி வாக்கிங் போறாரு. சரி, பாப்பாவுக்கு ஸ்கூல் விடற டைம் ஆச்சு, வெச்சறேன்” என்றாள்.